கிழிசலை நிரப்பும் பாறை: கடலுக்கு அடியில் புதுத் தரை உருவாகும் விதம்

பூமியின் மேற்புறம் மெதுவாக நகரும் பல பெரிய பாறைத் துண்டுகளாகப் பிரிந்திருக்கிறது. புவித்தட்டுகள் எனப்படும் இவற்றைப் பற்றிய பாடநூல்களில் ஒரு படம் தவறாமல் இருக்கும். கடலுக்கு நடுவே ஒரு பிளவு. அதன் அடியில் சிவப்பு நிறத்தில் பாறைக்குழம்பு பொங்கி மேலே வருகிறது. மேலே வந்ததும் இரண்டு அம்புக்குறிகள்: ஒன்று இடப்பக்கம், இன்னொன்று வலப்பக்கம். இதைப் பார்ப்பவர் மனத்தில் என்ன பதியும்? அடியிலிருந்து குழம்பு முட்டிக்கொண்டு வருகிறது, வந்த வேகத்தில் தட்டுகளை இரண்டு பக்கமும் தள்ளிவிடுகிறது என்றுதான் பதியும். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

உண்மையில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. தட்டுகள் முதலில் விலகுகின்றன. விலகும் இடத்தில் இடைவெளி விழப் பார்க்கிறது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் அடியிலுள்ள பாறை மேலே ஏறி வருகிறது. வரும் வழியில் அதில் ஒரு பங்கு உருகுகிறது. உருகியது உறைந்து புதுத் தரையாகிறது. விலக வைக்கும் விசை, பெரும்பாலான இடங்களில், அந்தப் பிளவுக்கு அடியில் இல்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, தட்டின் மறுமுனையில் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் கடல் தரையைப் பற்றிய பல புதிர்கள் தானாக அவிழும். அதனால் இந்தக் கட்டுரையை அதைச் சுற்றியே எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். உலகின் பெருங்கடல்களுக்கு நடுவே ஒரு மலைத்தொடர் ஓடுகிறது. அட்லாண்டிக்கை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்து, ஆப்பிரிக்காவின் தெற்கே வளைந்து, இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்து, ஆஸ்திரேலியாவுக்கும் அண்டார்டிகாவுக்கும் இடையே கடந்து, பசிபிக்கின் கிழக்குப் பகுதியில் மேலேறுகிறது. கிளைகளோடு சேர்த்து மொத்த நீளம் சுமார் 65,000 கி.மீ. பூமியில் இதைவிட நீளமான மலைத்தொடர் கிடையாது. உச்சியே சராசரியாக 2,500 மீட்டர் தண்ணீருக்கு அடியில் இருப்பதால் நம் கண்ணில் படாமல் கிடக்கிறது. நடுக்கடல் முகடு என்று இதைச் சொல்கிறோம். தட்டுகள் விலகுவதும் புதுத் தரை பிறப்பதும் இந்த முகட்டின் நடுக்கோட்டில்தான்.

விலகும் வேகம் இடத்துக்கு இடம் மாறும். அட்லாண்டிக்கில் ஆண்டுக்கு 2 முதல் 5 செ.மீ. வரை. கிழக்கு பசிபிக் முகட்டின் சில பகுதிகளில் 15 செ.மீ. வரை போகும். ஆர்க்டிக் பெருங்கடலில் பனிக்கட்டிக்கு அடியில் கிடக்கும் காக்கல் முகட்டில் சுமார் 1 செ.மீ.தான். எல்லாவற்றையும் கூட்டினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 சதுர கி.மீ. புதுக் கடல் தரை சேர்கிறது. கேட்பதற்குச் சின்ன எண்ணாகத் தோன்றும். ஆனால் உலகிலுள்ள கடல் தரை முழுவதும் சுமார் 30 கோடி சதுர கி.மீ. வகுத்துப் பாருங்கள்: 10 கோடி ஆண்டுகளில் அத்தனையும் புதிதாகிவிடலாம். 450 கோடி வயதான பூமிக்கு அது அதிக காலம் இல்லை.

சரி, பாறை ஏன் உருகுகிறது? இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். யாரும் அந்தப் பாறையைச் சூடேற்றுவதில்லை.

மேலோட்டுக்குக் கீழே இருக்கும் அடுக்கை மேன்டில் என்கிறோம். பள்ளிப் பாடங்களில் கவசம் என்று படித்திருப்போம். அது குழம்புக் கடல் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது திடப்பாறை. பெரிடோடைட் என்ற, பச்சை நிற ஒலிவின் கனிமம் நிறைந்த கனமான பாறை. ஆனால் திடமாக இருந்துகொண்டே மிக மெதுவாக ஓடக்கூடியது. பனியாறுகளை நினைத்துக்கொள்ளுங்கள். கையில் எடுத்தால் கெட்டியான பனிக்கட்டி, ஆனாலும் மலைச்சரிவில் ஆண்டு முழுக்க நகர்ந்துகொண்டே இருக்கிறது. மேன்டிலும் அப்படித்தான், வேகம் மட்டும் இன்னும் மிகக் குறைவு.

அந்தப் பாறையின் வெப்பம் சுமார் 1,350 டிகிரி செல்சியஸ். தரைமட்டத்தில் அதே வெப்பத்தில் வைத்தால் அதில் ஒரு பகுதி உருகிவிடும். ஆழத்தில் உருகாமல் இருப்பதற்குக் காரணம் அழுத்தம். மேலே குவிந்திருக்கும் பாறைகளின் எடை அணுக்களை நெருக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. உயரமான மலைமேல் காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும் அல்லவா? பாறைக்கும் அதே விதிதான். அழுத்தம் குறைந்தால் உருகுநிலை இறங்கும்.

இப்போது தட்டுகள் விலகுகின்றன. அடியிலுள்ள மேன்டில் இடத்தை நிரப்ப மேலே ஏறுகிறது. ஏற ஏற அழுத்தம் குறைகிறது. பாறை இவ்வளவு மெதுவாக நகர்ந்தாலும், அதன் வெப்பம் பக்கவாட்டில் கசிந்து போவது அதைவிட மெதுவாக நடப்பதால், சூடு அதிகம் குறைவதில்லை. ஆக, சூடு கிட்டத்தட்ட அப்படியே இருக்க, உருகுநிலை மட்டும் கீழே இறங்கி வருகிறது. பல பத்து கிலோமீட்டர் ஆழத்தில் ஓர் இடத்தில் இரண்டும் சந்திக்கின்றன. அங்கே உருகத் தொடங்குகிறது. எல்லாம் உருகுவதில்லை, பத்தில் ஒரு பங்கோ அதைவிடச் சற்றுக் கூடுதலாகவோதான். முதலில் உருகும் கனிமங்கள் மட்டும் கரைந்து, பாறைத் துகள்களின் ஓரங்களில் துளித்துளியாகச் சேர்கின்றன. சுற்றியுள்ள பாறையைவிட இலேசானவை என்பதால் அந்தத் துளிகள் கசிந்து மேலே போகின்றன. உருகும் பகுதியின் அகலம் நூறு கிலோமீட்டருக்கும் மேல். ஆனால் குழம்பு கடைசியில் வந்து சேர்வது முகட்டின் நடுவே ஓரிரு கிலோமீட்டர் அகலமுள்ள பட்டைக்குள். அவ்வளவு பரந்த இடத்திலிருந்து அவ்வளவு குறுகிய வாசலுக்கு எப்படிக் குவிகிறது என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

உருகி வந்த குழம்பின் வேதியியல் பெரிடோடைட்டினுடையது இல்லை. சிலிக்கா கூடுதலாகவும் மெக்னீசியம் குறைவாகவும் இருக்கும். அது உறைந்தால் பசால்ட். உலகின் கடல் தரைகளில் மேலே படிந்த சேற்றை நீக்கிவிட்டுப் பார்த்தால், எங்கு தோண்டினாலும் கிட்டத்தட்ட இதே பாறைதான். 1961-இல் மெக்சிகோவுக்கு அருகே குவாடலூப்பே தீவை ஒட்டி, மேலோட்டைத் துளைத்து மேன்டிலை எட்ட முயன்ற மோஹோல் திட்டத்தின் கீழ் ஆழ்கடலில் முதன்முறையாகத் துளையிட்டபோது, சேற்றைத் தாண்டியதும் கிடைத்தது பசால்ட்தான்.

குழம்பு எப்படித் தரையாகிறது என்பதை அடுக்கடுக்காகச் சொல்ல முடியும். ஏனென்றால் சில இடங்களில் பழைய கடல் தரை முழுசாகப் பெயர்ந்து நிலத்தின்மேல் ஏறிக் கிடக்கிறது. ஓமனின் மலைகளிலும் சைப்ரஸின் ட்ரூடோஸ் மலையிலும் ஒருவர் நடந்தே கடல் தரையின் குறுக்குவெட்டைப் பார்த்துவிடலாம். அடியில் மேன்டில் பாறை. அதற்கு மேல் கேப்ரோ, அதாவது ஆழத்தில் நிதானமாக உறைந்ததால் பெரிய படிகங்களோடு இருக்கும் பாறை. அதற்கு மேல் செங்குத்தான பாறைச் சுவர்கள், சீட்டுக்கட்டை நிமிர்த்தி வைத்ததுபோல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. உச்சியில் தலையணைகளை அடுக்கியதுபோல் உருண்டு திரண்ட பசால்ட். எல்லாம் சேர்ந்து 6, 7 கி.மீ. கனம்.

அந்தச் செங்குத்துச் சுவர்களிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒவ்வொரு சுவரும் ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலம். ஒவ்வொன்றும் ஒருமுறை நிகழ்ந்த விரிசல். தரை இழுபட்டு விரிசல் விட்டது, அதில் குழம்பு ஏறி உறைந்தது, சுவரானது. உறையும்போது இரு ஓரங்களும் குளிர்ந்த பாறையைத் தொட்டதால் சட்டென்று இறுகி, நுண்ணிய துகள்களாக, சில சமயம் கண்ணாடிபோல் ஆகிவிடும். நடுப்பகுதி மெதுவாக உறைந்து சற்றுப் பெரிய படிகங்கள் வளரும். ஆக ஒரு முழுச் சுவருக்கு இரண்டு பக்கமும் இந்த நுண்ணிய ஓரம் இருக்க வேண்டும். ட்ரூடோஸில் போய்ப் பார்த்தால் பல சுவர்களுக்கு ஒரு பக்கம் மட்டுமே ஓரம் இருக்கிறது. மறுபாதி எங்கே? அடுத்த விரிசல் அந்தச் சுவரின் நடுவிலேயே விழுந்தது. நடுப்பகுதி கடைசியாகக் குளிர்வதால் அதுதான் பலவீனமான இடம். புதுச் சுவர் உள்ளே புகுந்தது. பழைய சுவரின் ஒரு பாதி இந்தத் தட்டோடு போயிற்று, மறு பாதி அந்தத் தட்டோடு போயிற்று. தட்டுகள் விலகியதற்கு இதைவிட நேரடியான தடயம் பாறையில் எனக்குத் தெரிந்து இல்லை.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போடலாம். ஒரு சுவர் ஒரு மீட்டர் என்றால், ஆண்டுக்கு 10 செ.மீ. விலகும் முகட்டில் சராசரியாகப் பத்து ஆண்டுக்கு ஒரு சுவர் தேவை. 2 செ.மீ. விலகும் இடத்தில் ஐம்பது ஆண்டுக்கு ஒன்று. அப்படியானால் புதுத் தரை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வதில்லை. தட்டுகள் தொலைவில் சீராக நகர்கின்றன, ஆனால் ஓரத்தில் தரை இழுபட்டு இழுபட்டுப் பொறுத்திருந்து, ஒருநாள் கிழிகிறது. கிழியும்போது பல ஆண்டுகளின் பாக்கி ஒரே தடவையில் தீர்கிறது.

இதை மனிதர்கள் நேரில் பார்த்திருக்கிறார்கள். 2005 செப்டம்பரில் எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில், தப்பாஹு எரிமலையை ஒட்டி, சுமார் 60 கி.மீ. நீளத்துக்குத் தரை பிளந்தது. அதிகபட்சமாக 8 மீட்டர் வரை விலகியது. எல்லாம் இரண்டு மூன்று வாரங்களுக்குள். அங்கே தட்டுகள் விலகும் வேகம் ஆண்டுக்கு 2 செ.மீ. அளவுதான். அதாவது சுமார் 400 ஆண்டு விலகலை அந்தச் சில நாள்கள் தீர்த்துவைத்தன. அந்தப் பிளவை நிரப்பியது ஆழத்திலிருந்து வந்த குழம்பு. மேற்பரப்பில் வெளிப்பட்டதோ ஒரு சிறு சாம்பல் வெடிப்பு மட்டுமே. மற்றதெல்லாம் தரைக்குள்ளேயே சுவராக உறைந்துபோனது. அஃபார் இன்னும் நிலம்தான், ஆனால் கண்ட மேலோடு மெலிந்து மெலிந்து கடலாக மாறும் பாதையில் இருக்கும் நிலம். இதைக் காட்டி ஆப்பிரிக்கா சீக்கிரமே இரண்டாகப் பிளந்துவிடும் என்று செய்திகள் வருவதுண்டு. அந்தச் 'சீக்கிரம்' பல லட்சம், கோடி ஆண்டுக் கணக்கு என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஆழ்கடலிலும் ஒருமுறை ஏறத்தாழ நேரடியாகவே அகப்பட்டது. கிழக்கு பசிபிக் முகட்டில் வட அட்சரேகை 9 டிகிரி 50 நிமிடம் அருகே, கடல் தரையில் 12 நிலநடுக்கப் பதிவுக் கருவிகளை வைத்திருந்தார்கள். 2006-இல் அவற்றைத் திரும்ப எடுக்கப் போனபோது 4 மட்டுமே மேலே வந்தன. மற்றவை புதிதாக ஓடிய எரிமலைக்குழம்பில் சிக்கிக்கொண்டிருந்தன. கருவிகளை இழந்தது வருத்தம்தான். ஆனால் திரும்பி வந்தவற்றில் ஒரு பொக்கிஷம் இருந்தது. வெடிப்புக்கு முந்தைய மாதங்களில் சின்னச் சின்ன நடுக்கங்கள் படிப்படியாகப் பெருகி வந்தது முழுதும் பதிவாகியிருந்தது. முதலில் இழுவிசை சேர்கிறது, அப்புறம்தான் கிழிசல், அதன்பின் குழம்பு.

இவ்வளவையும் இன்று சாதாரணமாகச் சொல்கிறோம். எழுபது ஆண்டுகளுக்கு முன் இதை வாய்விட்டுச் சொல்லவே தயங்கினார்கள். 1912-இல் ஆல்ஃபிரெட் வெகனர் கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்னபோது, எது நகர்த்துகிறது என்பதற்கு ஏற்கத்தக்க விளக்கம் அவரிடம் இல்லை. 1930-இல் கிரீன்லாந்துப் பனியில் அவர் இறந்தார். அவர் கருத்து அதன்பின் பல ஆண்டுகள் ஒதுக்கப்பட்டே கிடந்தது.

அதை மீட்டெடுத்த முதல் கை ஒரு பெண்ணுடையது. மேரி தார்ப், நியூயார்க்கை அடுத்த லமான்ட் ஆய்வகத்தில் வரைபடம் வரைபவர். பெண் என்பதால் ஆய்வுக் கப்பலில் ஏற அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. சக ஆய்வாளர் புரூஸ் ஹீசன் கடலுக்குப் போய் ஆழ அளவுகளைக் கொண்டுவருவார், தார்ப் மேசையில் உட்கார்ந்து அவற்றை வரைவார். 1952-இல் வட அட்லாண்டிக்கைக் குறுக்கே வெட்டிய ஆறு கோடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, முகட்டின் உச்சியில் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் ஒரு பள்ளம் இருப்பதைக் கவனித்தார். தரை விலகும் இடத்தில் இருக்க வேண்டிய பள்ளம். ஹீசனின் முதல் பதில், 'பெண்பிள்ளைப் பேச்சு' என்பது. கண்ட நகர்வுக் கொள்கையை மிகவும் நினைவூட்டியதால் அவர் ஏற்கத் தயங்கினார். பக்கத்து மேசையில் இன்னொருவர் கடலடி நிலநடுக்கங்களின் இடங்களை வரைபடத்தில் குறித்துக்கொண்டிருந்தார். இரண்டையும் பொருத்திப் பார்த்தார்கள். நடுக்கங்கள் வரிசையாகத் தார்ப்பின் பள்ளத்துக்குள்ளேயே விழுந்தன. அதன்பிறகு மறுக்க வழியில்லை. கப்பலில் ஏற அனுமதிக்கப்படாத ஒருவர் கடலின் அடியை மற்ற எல்லோருக்கும் முன் பார்த்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹெஸ், 1962-இல் வெளியான கட்டுரையில் முழுக் கதையையும் கட்டினார். முகட்டில் புதுத் தரை பிறக்கிறது, இரு பக்கமும் நகர்கிறது, அகழிகள் எனப்படும் மிக ஆழமான கடலடிப் பள்ளங்களில் திரும்ப மேன்டிலுக்குள் இறங்குகிறது. தன் கட்டுரையைப் 'புவிக்கவிதை' என்றே அவர் குறிப்பிட்டார். ஆதாரம் இன்னும் போதாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கடல் தரைப் பரவல் என்ற பெயரை 1961-இல் சூட்டியவர் ராபர்ட் டீட்ஸ். கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஹெஸ் கற்பனை செய்ததில் முகட்டுக்கு அடியில் மேன்டில் நீரோட்டம்போல் மேலேறி, தரையை முதுகில் சுமந்து இரு பக்கமும் கொண்டுபோகிறது. நாம் முதலில் பார்த்த பாடநூல் படத்தின் வேர் இந்தக் காலத்துச் சிந்தனையில்தான் இருக்கிறது. தரை பிறக்கிறது, நகர்கிறது, அழிகிறது என்பதில் ஹெஸ் சொன்னது சரி. எது எதை நகர்த்துகிறது என்பதில்தான் பின்னாளில் திருத்தம் வந்தது.

ஆதாரம் காந்தத்திலிருந்து கிடைத்தது. பூமியின் காந்தப்புலம் அவ்வப்போது திசை மாறும். வடக்கு தெற்காகவும் தெற்கு வடக்காகவும் ஆகும். கடைசியாக மாறியது சுமார் 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன். பசால்ட் உறையும்போது அதிலுள்ள இரும்புக் கனிமங்கள் அந்த நேரத்துத் திசையை அப்படியே பிடித்துவைத்துக்கொள்கின்றன. 1950களில் வட அமெரிக்காவின் மேற்குக் கரையோரக் கடலில் அளந்தபோது, காந்தம் வலுவாகவும் பலவீனமாகவும் மாறி மாறி வரிக்குதிரைக் கோடுகள்போல் தெரிந்தது. காரணம் யாருக்கும் புரியவில்லை. 1962-இல் அரபிக்கடல் பக்கமுள்ள கார்ல்ஸ்பெர்க் முகட்டின்மேல் பிரிட்டிஷ் கப்பல் ஓவன் எடுத்த அளவுகளை வைத்து, கேம்பிரிட்ஜ் மாணவர் ஃபிரெட் வைனும் அவருடைய வழிகாட்டி டிரம்மண்ட் மேத்யூஸும் விடை சொன்னார்கள்: முகட்டில் பிறந்த தரை, பிறந்த காலத்துக் காந்தத் திசையோடு இரு பக்கமும் நகர்ந்துபோகிறது, இன்றைய திசையோடு ஒத்த பட்டைகள் காந்தத்தைக் கூட்டுகின்றன, எதிர்த்திசைப் பட்டைகள் குறைக்கின்றன, அதுதான் கோடுகள். 1963 செப்டம்பரில் அது நேச்சர் இதழில் வந்தது. அதே ஆண்டில் கனடாவின் லாரன்ஸ் மார்லி தனியாக இதே முடிவுக்கு வந்து எழுதி அனுப்பியிருந்தார். இரண்டு இதழ்கள் திருப்பி அனுப்பின. விருந்துகளில் பேசிக்கொள்ள ஏற்ற விஷயம், ஆய்விதழுக்கு அல்ல என்று ஒரு மதிப்பீட்டாளர் எழுதினார். இன்று இந்தக் கருதுகோளைச் சொல்லும்போது பலர் மூன்று பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள். நியாயம்தான்.

1966-இல் எல்டானின் என்ற கப்பல் தென் பசிபிக்கில் எடுத்த ஒரு குறுக்குக்கோடு வெளியானது. முகட்டின் இடப்பக்கக் காந்த வரைகோட்டைத் திருப்பி வலப்பக்கத்தின்மேல் வைத்தால் அச்சாகப் பொருந்தியது. அத்தோடு பெரும்பாலோரின் சந்தேகம் தீர்ந்தது. 1968-இன் கடைசியில் குளோமர் சேலஞ்சர் கப்பல் தென் அட்லாண்டிக்கில் வரிசையாகத் துளையிட்டு, அடிப்பாறையின்மேல் படிந்த சேற்றின் வயதைப் பார்த்தது. முகட்டிலிருந்து விலக விலக வயது சீராகக் கூடியது. ஒரு பக்கம் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 செ.மீ. என்ற கணக்கில். இரு பக்கமும் சேர்த்து 4 செ.மீ., 10 கோடி ஆண்டு என்று பெருக்கினால் 4,000 கி.மீ. வருகிறது. ஒரு பெருங்கடல் பிறக்க அது போதும்.

இப்போது முதல் கேள்விக்குத் திரும்பலாம். தள்ளுவது முகடா?

தட்டுகளின் வேகத்தைப் பட்டியலிட்டுப் பார்த்தாலே ஒரு விடை தெரியும். பசிபிக் தட்டும், அந்தக் கடலின் கிழக்குப் பகுதியிலுள்ள நாஸ்கா, கோகோஸ் தட்டுகளும் வேகமாக ஓடுகின்றன. யூரேசியத் தட்டும் ஆப்பிரிக்கத் தட்டும் வட அமெரிக்கத் தட்டும் மெதுவாக நகர்கின்றன. இந்த வேறுபாட்டோடு ஒத்துப்போவது எது? ஒரு தட்டின் விளிம்பில் எவ்வளவு பங்கு அகழிக்குள் இறங்குகிறது என்பது. இறங்கும் விளிம்பு அதிகமுள்ள தட்டுகள் வேகமானவை. தட்டுக்கு எத்தனை கி.மீ. முகடு இருக்கிறது என்பது வேகத்தோடு ஒத்துப்போகவில்லை. 1975-இல் டொனால்ட் ஃபோர்சித்தும் செய்யா உயேதாவும் இதை முறையாகக் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

காரணம் எளிது. முகட்டில் சூடாகப் பிறந்த தரை விலகிப் போகப் போகக் குளிர்கிறது. அடியிலுள்ள மேன்டிலும் குளிர்ந்து தட்டோடு ஒட்டிக்கொள்கிறது. தட்டு தடிக்கிறது, கனக்கிறது. சில கோடி ஆண்டுகளில் கீழேயுள்ள சூடான மேன்டிலைவிட அடர்த்தி கூடிவிடுகிறது. அகழியில் ஒருமுறை தலை இறங்கிவிட்டால், ஆழத்தின் அழுத்தத்தில் பசால்ட் எக்லோகைட் என்ற இன்னும் கனமான பாறையாக மாறுகிறது. இழுப்பு மேலும் கூடுகிறது. மேசையிலிருந்து பாதி தொங்கும் துணி தன் எடையாலேயே மீதியையும் இழுத்துக்கொண்டு சரிவதுபோல, இறங்கும் பகுதி பின்னாலிருக்கும் தட்டை இழுக்கிறது. அந்த இழுப்பு தட்டின் மறுமுனையில் விலகலாகத் தெரிகிறது. அங்கே மேன்டில் ஏறுகிறது, உருகுகிறது, நிரப்புகிறது.

இன்னொரு சான்று வரைபடத்திலேயே இருக்கிறது. அண்டார்டிகத் தட்டை ஏறத்தாழ எல்லாத் திசையிலும் முகடுகள் சூழ்ந்திருக்கின்றன. எல்லா ஓரத்திலும் புதுத் தரை சேர்ந்துகொண்டே இருப்பதால் அந்தத் தட்டு பெரிதாகிக்கொண்டே வருகிறது. அப்படியானால் சுற்றியுள்ள முகடுகள் வெளிப்பக்கமாக நகர்ந்தே ஆக வேண்டும். ஒவ்வொரு முகட்டுக்கும் அடியில் ஆழத்திலிருந்து நிலையாக எழும் ஓர் ஊற்று இருக்கிறது என்றால், இத்தனை ஊற்றுகளும் முகட்டோடு சேர்ந்து எப்படி நகரும்? கிழிசலுக்கு அடியில் எந்த மேன்டில் இருக்கிறதோ அது ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால் சிக்கல் மறைந்துவிடுகிறது.

எல்லா இடத்துக்கும் இதையே சொல்லிவிட முடியாது. அட்லாண்டிக்கின் ஓரங்களில், கரீபியனையும் தென்கோடியில் ஸ்கோஷியாவையும் தவிர, இறங்கும் தட்டே இல்லை. ஆனாலும் அந்தக் கடல் விரிகிறது. அங்கே உயரமான முகட்டிலிருந்து தட்டு தன் எடையால் இரு பக்கமும் சரியும் விசையும், மேன்டிலின் பெரிய ஓட்டங்களும் வேலை செய்கின்றன. ஐஸ்லாந்து இன்னொரு விதிவிலக்கு. முகட்டுக்கு அடியில் வழக்கத்தைவிடச் சூடான மேன்டில் உண்மையாகவே மேலெழுந்து வருகிறது. அதனால் குழம்பு மிகுந்து, மேலோடு மற்ற இடங்களைவிடப் பலமடங்கு தடித்து, முகடு கடலுக்கு மேல் தலைகாட்டுகிறது. அங்கே எடுத்த படங்கள்தான் எங்கும் பரவுகின்றன. அதனாலேயே விதிவிலக்கு விதிபோல நம் மனத்தில் பதிந்துவிட்டதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நிரப்பும் வேலைக்குக் குழம்பு போதாமல் போனால்? மிக மெதுவாக விலகும் முகடுகளில் இது நடக்கிறது. மேன்டில் மிக நிதானமாக ஏறுவதால், மேலே வருவதற்குள் சூட்டை இழந்துவிடுகிறது. உருகுவது குறைகிறது. தட்டுகள் அதற்காகக் காத்திருப்பதில்லை, விலகிக்கொண்டே இருக்கின்றன. குழம்பு வராத இடத்தில் திடமான மேன்டில் பாறையே நீண்ட பிளவுகள் வழியாக இழுபட்டுக் கடல் தரையில் வந்து கிடக்கிறது. பசால்ட் தொப்பி இல்லாத கடல் தரை. காக்கல் முகட்டின் சில பகுதிகளிலும், அட்லாண்டிக் முகட்டின் அட்லாண்டிஸ் மலையிலும் இப்படித்தான். 2023-இல் ஜாய்டெஸ் ரெசல்யூஷன் கப்பல் அந்த மலையில் 1,268 மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, பெரும்பகுதி மேன்டில் பாறையாலான நீண்ட மாதிரியை எடுத்தது. குழம்பு தள்ளித்தான் தட்டுகள் விலகுகின்றன என்றால், குழம்பு இல்லாத இடத்தில் விலகலும் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

தண்ணீரைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். புதுத் தரை முழுக்க விரிசல். கடல்நீர் உள்ளே இறங்கி, சூடாகி, உலோகங்களைக் கரைத்துக்கொண்டு மேலே பீறிடுகிறது. 1977-இல் கலபகோஸ் தீவுகளருகே ஆல்வின் நீர்மூழ்கி இந்த வெந்நீர் ஊற்றுகளையும் அவற்றைச் சுற்றிச் சூரிய ஒளி இல்லாமலே வாழும் உயிர்களையும் கண்டது. 1979-இல் கிழக்கு பசிபிக்கில் 350 டிகிரிக்கு மேல் சூடான கறும்புகை ஊற்றுகள் கிடைத்தன. அந்த உயிர்களின் கதை தனியாக எழுத வேண்டிய அளவு பெரியது. இங்கே வேண்டியது ஒன்றுதான்: புதுத் தரையைக் குளிர்விக்கும் வேலையில் பெரும் பங்கு இந்த நீருடையது.

குளிர்வதுதான் கடலுக்கு ஆழத்தையும் தருகிறது. சூடான பாறை விரிந்திருக்கும், அதனால் முகடு உயர்ந்து நிற்கிறது. குளிர்ந்தால் சுருங்கித் தாழும். அதற்கு அழகான ஒரு கணக்கு உண்டு. பிறந்து 10 லட்சம் ஆண்டில் தரை சுமார் 350 மீட்டர் தாழ்கிறது. இன்னொரு 350 மீட்டர் தாழ 40 லட்சம் ஆண்டு வரை போக வேண்டும். அடுத்த 350-க்கு 90 லட்சம் வரை. வயதின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப ஆழம் கூடுகிறது. ஏறத்தாழ 7 கோடி ஆண்டு வரை இது நன்றாகவே பொருந்தும். கடலில் ஓரிடத்தின் ஆழத்தைச் சொன்னால், அந்தத் தரையின் வயதைத் தோராயமாகச் சொல்லிவிடலாம். 4,250 மீட்டர் என்றால், முகட்டின் 2,500 மீட்டரிலிருந்து 1,750 மீட்டர் தாழ்ந்திருக்கிறது, அதாவது ஐந்து 350; ஐந்தின் வர்க்கம் இருபத்தைந்து, ஆக வயது சுமார் இரண்டரைக் கோடி.

கண்டங்களில் 400 கோடி ஆண்டுப் பாறைகூடக் கிடைக்கிறது. பெருங்கடல் தரையிலோ மேற்கு பசிபிக்கில் உள்ள மிகப் பழைய பகுதிக்கே சுமார் 18 கோடிதான் வயது. அதற்கு முந்தையதெல்லாம் ஏறத்தாழ முழுதும் அகழிகளில் இறங்கிவிட்டது. இறங்கும்போது அது இழுத்த இழுப்பில்தான் அடுத்த தரை பிறந்தது.

சில சமயம் முகடே அகழிக்குள் போய்விடுகிறது. பசிபிக்கின் கிழக்கில் இருந்த ஃபரலான் தட்டு வட அமெரிக்காவுக்கு அடியில் இறங்கி இறங்கி, சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் அதைப் பெற்றெடுத்த முகட்டின் ஒரு பகுதியே கரையைத் தொட்டது. அங்கே விலகல் நின்று, இரு தட்டுகளும் பக்கவாட்டில் உரசத் தொடங்கின. கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு அப்படி வந்தது. இன்றும் சிலியின் தெற்குக் கரையில், தென் அட்சரேகை 46 டிகிரி அருகே, சிலி முகடு தென் அமெரிக்காவுக்கு அடியில் நுழைந்துகொண்டிருக்கிறது. அங்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தைத்தாவோ தீபகற்பத்தில், சில பத்து லட்சம் ஆண்டு வயதே ஆன கடல் தரைத் துண்டு ஒன்று நிலத்தின்மேல் ஏறிக் கிடக்கிறது: மேன்டில் பாறை, கேப்ரோ, செங்குத்துச் சுவர்கள், தலையணைப் பசால்ட், எல்லாம் வரிசையாக.